எப்ப ஹீட் ஆகுது?

“நம்மூரு வெயிலுக்கு எதுக்குங்ணா தெர்மோஸ்டாட்டு? அதெல்லாம் பனி பெய்யற நாட்டுக்காரனுக்கு. கழட்டி உட்ரலாங்.” கார் ஹீட் ஆகிறது என்று சொல்லிக்கொண்டு கொங்குப் பக்கம் ஒர்க்ஷாப்பில் போய் நின்றால், இரண்டில் ஒரு இடத்தில் இந்த யோசனை வந்துவிடும். ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே வரும். சொல்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. பெரும்பாலும் தொழில் தெரிந்தவர், சத்தத்தை வைத்தே டேப்பட் லூஸா பேரிங் போயிருக்கிறதா என்று சொல்லிவிடக்கூடியவர். அதனால்தான் இந்தப் பேச்சு எனக்குள் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை கைகாரர்கள் ஒரே குரலில் சொன்னால் அதில் ஏதோ இருக்க வேண்டும். அதே சமயம், இந்தியாவில் தயாரித்து இந்தியாவிலேயே விற்கிற காரிலும் அந்தச் சின்ன வால்வை விடாமல் வைத்து அனுப்புகிறார்களே, அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கத் தெரியாதா?

தெர்மோஸ்டாட்டின் வேலை கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். என்ஜினின் சூட்டைச் சுமந்து சுற்றும் திரவம்தான் கூலன்ட்; அந்தச் சூட்டைக் காற்றில் இறக்கும் இடம் ரேடியேட்டர். என்ஜின் சூடேறும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியை இந்த வால்வு அடைத்து வைக்கும். 82, 88 என்று அதன் தலையில் குத்தியிருக்கும் டிகிரியை எட்டியதும், உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். மின்சாரம் வேண்டாம், ஒயர் வேண்டாம். ‘நம்மூர் வெயில்’ என்ற வாதம் இந்த எண்களின் முன்னால் நிற்பதில்லை. சித்திரை வெயில் 40 டிகிரி. என்ஜின் நன்றாக வேலை செய்ய விரும்புவது 90க்குப் பக்கத்தில். ஈரோட்டில் இருந்தாலும் இமயமலையில் இருந்தாலும் பாக்கி டிகிரிகளை என்ஜின் தானே ஏற்றிக்கொள்ள வேண்டும். வால்வைக் கழற்றிவிட்டால் பைபாஸில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது பல கார்கள் 60, 70 டிகிரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் இருக்கிற என்ஜின், ‘இன்னும் சூடாகவில்லை’ என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டி விடும். எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலில் கலந்தால், நல்ல சூட்டில்தான் அது ஆவியாகி வெளியேறும்; சூடு போதாவிட்டால் அங்கேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும். சில வண்டிகளில் டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கும் வந்துவிடும். ஸ்கேனரை மாட்டினால் பி0128 என்று காட்டும். கூலன்ட் சூடு எட்ட வேண்டிய அளவை எட்டவில்லை என்று பொருள்.

இதையெல்லாம் சொன்னால் ஒர்க்ஷாப்பில் ஒரு சிரிப்புதான் பதில். “மைலேஜ் ஒண்ணு ரெண்டு குறையும், என்ஜின் தப்பிச்சுக்கும். எது வேணும்?” நியாயமான கேள்விதான். ஹீட் ஆகி நின்ற வண்டியை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு மைலேஜ் ஒரு பொருட்டில்லை. என் சந்தேகமோ வேறு. கழற்றினால் என்ஜின் உண்மையிலேயே தப்பிக்கிறதா?

அம்பாசடர் கொடுத்த பாடம்

இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அம்பாசடரில் மலை ஏறிய நினைவு இருக்கும். டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஏழெட்டு வளைவு ஏறியதும் சூடு காட்டும் முள் மேலே போகும், பானெட்டுக்குள்ளிருந்து உஸ்ஸென்று ஆவி வரும், டிரைவர் ஓரங்கட்டி ஒரு பீடி குடித்து முடித்து, சாக்குத்துணியை வைத்து மூடியைத் திருகி, தண்ணீரை ஊற்றி, மறுபடி கிளம்புவார். அந்த ஊர்வலம் பயணத்தின் ஒரு பகுதி. யாரும் பதற மாட்டார்கள்.

பதறாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. பழைய பெட்ரோல் அம்பாசடரின் என்ஜினில் அடி உடலான பிளாக்கும் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரியும், ஒரே அளவில் சுருங்கும். கொதித்தாலும் பொறுத்துக்கொள்ளும். ரேடியேட்டரும் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம், அடைத்துக்கொண்டால் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தலாம். இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம். பல என்ஜின்களில் பிளாக்கும் அலுமினியம். பிளாக் இரும்பாக இருக்கும் வண்டியில், அதே சூட்டுக்கு மேலே இருக்கும் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கசியாமல் அடைக்க நடுவில் வைத்த மெல்லிய தகடான கேஸ்கட் எந்தப் பக்கம் இழுபடும்? ரேடியேட்டரும் அலுமினியம், அதன் இரு ஓரத்துத் தொட்டிகளும் பிளாஸ்டிக். கம்பி விட்டுக் குத்தும் வேலையே கிடையாது.

வண்டி மாறிவிட்டது, கை பழகிய வைத்தியம் மாறவில்லை. ஒரு தடவை கொதித்தால் என்ன, தண்ணீர் ஊற்றிப் போகலாம் என்ற துணிச்சல் அம்பாசடரிலிருந்து வந்தது. தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடும் பழக்கமும் அங்கிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. துருவும் உப்பும் படிந்த தண்ணீரில் கிடக்கும் வால்வு இறுகிப் போகும், மூடியபடி நின்றுவிடும், என்ஜின் கொதிக்கும். ஒரு தடவை அப்படி அடிபட்ட மெக்கானிக் அடுத்த வண்டியில் அதை விட்டு வைப்பாரா? வால்வு கெட்டதற்கு ஊற்றிய தண்ணீர்தான் காரணம் என்பதை யாரும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் வண்டி

என் மனைவியின் தம்பி கோபியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். பெட்ரோல் செடான், வயது பத்துக்கு மேல். போன வருஷம் கோடையில் அது ஒரு விசித்திர நோயாளியானது. ஈரோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசலில் நின்றால் முள் ஏறும். ஆனால் எல்லா நாளும் இல்லை. சில நாள் ஒரு மணி நேரம் ஊர்ந்தாலும் அசையாது, சில நாள் ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்றதற்கே சிவப்பைத் தொடும். ஒர்க்ஷாப்பில் விட்டால் சாது. அரை மணி நேரம் ஐடிலில் ஓட விட்டார்கள், ஃபேன் நேரத்துக்குச் சுற்றியது, நேரத்துக்கு நின்றது. ரேடியேட்டரை வெளியே எடுத்துக் கழுவினார்கள். வாட்டர் பம்பை மாற்றினார்கள். அதில் கோளாறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் அந்த வாக்கியம் வந்தது. தெர்மோஸ்டாட் கழன்றது.

“மாமா, சரியாயிடுச்சு” என்று போன் பண்ணினார். எனக்கும் மகிழ்ச்சிதான். உள்ளூர்ச் சின்னச் சின்னச் சவாரிகளில் முள் பாதிக்கு மேல் வரவே இல்லை. அதிலிருந்த சூழ்ச்சியை அப்போது யாரும் கவனிக்கவில்லை. வால்வு இல்லாத என்ஜின் சூடேறவே நேரம் எடுக்கும். அதற்குள் சவாரி முடிந்துவிடும். நோய் போகவில்லை, தெரிய வருவது தள்ளிப்போனது.

தெரிய வந்த இடம் திம்பம். பண்ணாரியைத் தாண்டியதும் தொடங்கும் 27 கொண்டை ஊசி வளைவுகள். மைசூர்ச் சவாரி, வண்டியில் நான்கு பேர், மேலே கேரியரில் பெட்டிகள், முன்னால் கரும்பு லாரி. லாரியை முந்த முடியாத இடத்தில் அதன் பின்னாலேயே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறியிருக்கிறார். பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, முள் சிவப்புக்குப் போனது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சாலை; நினைத்த இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கி நிற்க முடியாது, யானை நடமாட்டம் வேறு. ஆனாலும் மாப்பிள்ளை அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பி, ப்ளோவரை உச்சத்தில் வைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். காருக்குள் இருக்கும் ஹீட்டர் என்பது இன்னொரு குட்டி ரேடியேட்டர்; என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது இறக்கிக்கொள்ளும். வண்டியில் இருந்தவர்கள் வெந்து போனார்கள், திட்டினார்கள். முள் கொஞ்சம் இறங்கியது. அடுத்த அகலமான வளைவில் ஒதுக்கி நிறுத்திவிட்டார். ஆவி வரும் நிலைக்குப் போகவில்லை, அதனால் கூலன்ட் வெளியேறவில்லை, ஹெட் பிழைத்தது. சவாரியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, ஆறியபின் மெதுவாகக் கீழே உருட்டிக்கொண்டு சத்தியமங்கலம் வந்து சேர்ந்தார். நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஒரு சின்ன ஒர்க்ஷாப் வாசலில் பானெட் திறந்து நின்றது.

அந்த மெக்கானிக்குக் கூடிப்போனால் முப்பது வயது. அவர் என்ன கார், எத்தனை கி.மீ. ஓடியது என்று எதுவும் கேட்கவில்லை. “எப்பங்க ஹீட் ஆகுது?” என்றார். மாப்பிள்ளை, “எப்பவும்தான்” என்றார் எரிச்சலில். “எப்பவும்னு இருக்காதுங்க. நிக்கறப்பவா, ஓடறப்பவா? ஸ்டார்ட் பண்ணின உடனேயா, நேரம் கழிச்சா?” என்று மறுபடி கேட்டார். முதலில் நிற்கும்போதுதான் ஏறியது, அதுவும் சில நாள் மட்டும். இப்போது மலையிலும் ஏறுகிறது. இந்தப் பதில் வந்ததும் என்ஜினை ஓட விட்டு, ஏசியைப் போடச் சொன்னார். ஏசியைப் போட்டால் ரேடியேட்டர் ஃபேனும் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் ஃபேன் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். விர்ரென்று சுற்றியது.

மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. தேய்ந்த கார்பன் சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. ஒர்க்ஷாப்பில் விட்டபோதெல்லாம் அது தொட்டது. பள்ளத்தில் குலுங்கி வந்து நின்ற நாளில் சுற்றியது, சிக்னலில் அசையாமல் நின்ற நாளில் முரண்டு பிடித்தது. இத்தனை கூத்துக்கும் காரணம் விரல் நுனி அளவு இரண்டு கரித்துண்டு.

சரி, நெரிசலுக்கு விடை கிடைத்தது. மலைக்கு? ஃபேன் சுற்றாதது அங்கேயும் ஒரு காரணம்தான், லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் காற்றே கிடையாது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. மேல் ஹோஸ் பைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்டார். தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டை ‘வீடு’ என்பது அவருடைய பேச்சு. இல்லை என்றதும், புதிது ஒன்று வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்ததை நேராக மாட்டுவார் என்று பார்த்தால், ஒரு கம்பியில் கட்டிப் பக்கத்து டீக்கடைக்கு எடுத்துப் போனார்.

டீ மாஸ்டருக்குப் பழக்கம்போல. பாய்லர் பக்கமே விடாமல், அடுப்போரம் கிடந்த ஒரு கரிப்பிடித்த அலுமினியச் சட்டியை எடுத்து, கொதிநீரை அதில் பிடித்துக் கொடுத்தார். தண்ணீரில் இறக்கியதும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேல் தட்டின் விளிம்பில் தலைமுடி அளவு ஒரு கறுப்புக் கோடு. அது மெல்ல அகன்று, ஸ்பிரிங் அழுந்தி, சுண்டுவிரல் நுழையும் அளவு திறந்தது. என் கண் அதில் இல்லை. அதே தண்டின் கீழ் முனையில் இன்னொரு சின்னத் தட்டு இருந்தது. மேல் தட்டு திறக்கத் திறக்க, இது கீழே இறங்கிக்கொண்டே போனது. “இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“அதாங்க மேட்டரே” என்றார். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றி வர ஒரு குறுக்குவழி உண்டு. சூடானதும் மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும், கீழ்த் தட்டு இறங்கிக் குறுக்குவழியை அடைக்கும். அப்போதுதான் மொத்தக் கூலன்டும் ரேடியேட்டர் வழியாகப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் வரும். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால்? ரேடியேட்டர் வழி எப்போதும் திறந்திருக்கும், உண்மைதான். ஆனால் குறுக்குவழியும் எப்போதும் திறந்திருக்கும். தண்ணீர் எங்கே சுலபமோ அங்கே போகும். ஒரு பங்கு கூலன்ட் ரேடியேட்டரைப் பார்க்காமலே சூட்டோடு சூடாக என்ஜினுக்குத் திரும்பும். சமதரையில், சின்னச் சவாரியில், அது தெரியாது. முழுப் பாரத்தோடு மலை ஏறும்போது, ரேடியேட்டரின் முழுச் சக்தியும் தேவைப்படும் அந்த நேரத்தில், ஒரு பங்கு திருட்டுப் போகும். எல்லாக் கார்களிலும் இந்த அமைப்பு இல்லை. ஒற்றைத் தட்டு வைத்தவையும் உண்டு. மாப்பிள்ளையின் வண்டியில் இருந்தது இரட்டை. ஹீட்டைக் குறைக்கக் கழற்றியதே மலையில் ஹீட்டைக் கூட்டியிருக்கிறது.

நாட்கணக்கில் என்னை உறுத்திய கேள்விக்கு அந்தக் கரிச்சட்டியில் பதில் கிடைத்தது. ஃபேன் மோட்டாரும் தெர்மோஸ்டாட்டும் மாற்றியாயிற்று. அதன்பின் அதே திம்பம் சாலையில் பலமுறை போய் வந்துவிட்டார்.

நிற்கும்போதா, ஓடும்போதா

சத்தியமங்கலத்துக்காரரின் அந்தக் கேள்வியை நான் அதற்கப்புறம் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கார் ஹீட் ஆகிறது என்று யார் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

நெரிசலில் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் பக்கம். வேகத்தில் போகும்போது காற்று தானாக வரும், நிற்கும்போது ஃபேன்தான் காற்று. ஃபியூஸ், ரிலே, சென்ஸார், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஏசி போட்டால் சுற்றி, சூடானால் மட்டும் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டார் நன்றாக இருக்கிறது, தகவல் கொடுக்கும் சென்ஸார் பக்கம்தான் பார்க்க வேண்டும். ஃபேன் சுற்றியும் சூடாகிறதா? ஒரு தாளை முன்பக்க கிரில்லின் மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றிக் கொடுத்து, ஃபேன் தலைகீழாகச் சுற்றி, காற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

நெரிசலில் நன்றாக இருந்து பைபாஸில் ஏறினால் கதை வேறு. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை, சூட்டைக் காற்றுக்குக் கைமாற்றுவதில்தான் தடை. ரேடியேட்டரின் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் பைப் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம், பம்பின் இறக்கை அரித்துப் போயிருக்கலாம். என் சொந்தக் காரில் நடந்தது இவை எதுவுமே இல்லை. ஏசி போட்டு 90ஐத் தாண்டினால் சூடு ஏறும், ஏசியை அணைத்தால் இறங்கும். முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் பளிச். ஏசி கன்டென்ஸரைக் கழற்றி முன்னால் சாய்த்தபோதுதான் தெரிந்தது. கன்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்த விரலளவு இடைவெளியில், சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளமே படிந்திருந்தது. பஞ்சு. திருப்பூர்ச் சாலையில் தினமும் போய் வரும் வண்டிக்கு வேறென்ன கிடைக்கும்? விசைத்தறியும் பனியன் கம்பெனியும் இருக்கிற ஊரில் காற்றிலேயே நூல் பறக்கிறது, அதில் புழுதியும் பூச்சி இறகும் ஒட்டிக்கொள்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது போர்வை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. இதற்குப் பிரஷர் வாஷர் வேண்டாம், அது மெல்லிய தகடுகளை மடக்கி நிரந்தரமாக அடைத்துவிடும். சாதா ஹோஸ் தண்ணீர், என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் மேலே பாய்ந்தால் மூன்று பேரைச் சந்தேகிக்கலாம்: மூடியபடி நின்றுபோன தெர்மோஸ்டாட், கூலன்ட் மாற்றியபோது உள்ளே சிக்கிய காற்று, அல்லது போய்விட்ட ஹெட் கேஸ்கட். தெர்மோஸ்டாட் என்றால் என்ஜின் கொதிக்கும், கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கும். காற்று என்றால் கூலன்ட் ஊற்றியவர் அவசரப்பட்டிருக்கிறார். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஓட விட்டு, குமிழி அடங்கியபின் மறுபடி நிரப்பியிருக்க வேண்டும். கேஸ்கட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

முள்ளை எவ்வளவு நம்பலாம்

நிறையக் கார்களில் இப்போது முள்ளே இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் மௌனம். முள் இருக்கிற வண்டிகளிலும் அது சொல்வது முழு உண்மை இல்லை. 80 டிகிரியிலும் 100 டிகிரியிலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்படி பல கம்பெனிகள் வேண்டுமென்றே அமைக்கின்றன. முள் சற்று ஆடினாலே சர்வீஸ் சென்டருக்கு ஓடிவரும் நம் போன்றவர்களுக்காக. அது அசையத் தொடங்கும்போது உண்மையான சூடு ஏற்கெனவே எங்கேயோ போயிருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கி, போன் செயலியில் கூலன்ட் சூட்டை எண்ணாகவே பார்க்கலாம். வாடகை வண்டி ஓட்டும் எவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். தன் வண்டி சமதரையில் 88, நெரிசலில் 97 என்று பழகிவிட்டால், 103 வந்ததுமே அவருக்குப் பொறி தட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சென்ஸார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால், சென்ஸார் வெறும் காற்றில் தொங்கும். உச்சத்தில் இருந்த முள் சட்டென்று கீழே விழும். அப்பாடா, ஆறிவிட்டது என்று நினைக்க வைக்கும் அந்த நொடியில்தான் என்ஜின் வறண்டு வெந்துகொண்டிருக்கும். ஏறிய முள் காரணமில்லாமல் விழுந்தால், ஹீட்டரிலிருந்து சூடான காற்று வருவது நின்றுபோனால், உடனே ஒதுக்கி அணைத்துவிட வேண்டும்.

தண்ணீரா, கூலன்டா

இந்தச் சண்டையில் எனக்கு மெக்கானிக்குகள் மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு. “தண்ணிதாங்க நல்லா குளுத்தும்” என்று அவர்கள் சொல்வது இயற்பியல்படி சரி. ஒரு கிலோ தண்ணீர் சுமக்கும் சூட்டைவிட, கூலன்டின் மூலப்பொருளான கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்த கலவை சுமப்பது பத்துப் பதினைந்து சதவீதம் குறைவு. உறைபனி நமக்கு இல்லை. அப்புறம் எதற்குக் கூலன்ட்?

முதலாவது காரணம் கொதிநிலை. சாதாரணக் காற்றழுத்தத்தில் பாதிக்குப் பாதிக் கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தம் பிடித்தால் அது 125ஐ ஒட்டிப் போகும். வெறும் தண்ணீருக்கு 118. இந்தக் கணக்கு முழுக்க மூடியின் ரப்பரில் தொங்குகிறது. ரப்பர் வெடித்த மூடி அழுத்தம் பிடிக்காது, தண்ணீர் 100லேயே கொதித்துவிடும். ஊட்டி உயரத்தில் அதுவும் இல்லை, 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். என்ஜின் வழக்கமாக ஓடும் சூடே அதுதான். மலை ஏறும்போது மட்டும் பொங்குகிறது என்று வரும் வண்டிகளில் எத்தனை, சில நூறு ரூபாய் மூடியை மாற்றினாலே சரியாகும் கேஸ் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இரண்டாவதுதான் பெரிய காரணம்: துருவும் உப்பும். நம் பக்கம் போர் தண்ணீரில் வாளியே வெள்ளை பூத்துவிடுகிறது. அதே தண்ணீர் அலுமினியக் குழாய்க்குள் என்ன செய்யும்? கூலன்டில் கிளைக்காலோடு சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள்தான் நமக்கு வேண்டியவை. பம்பின் சீலும் ஹெட்டின் உள்சுவரும் அவற்றால்தான் பிழைக்கின்றன. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சையும் சிவப்பும் வெறும் சாயம். டப்பாவின் மேல் ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி 3306 என்று ஏதாவது தரக்குறி இருக்கிறதா, அது உங்கள் வண்டிக் கையேட்டில் சொன்ன வகையா, அப்படியே ஊற்றுவதா கலந்து ஊற்றுவதா என்று பாருங்கள். கலப்பதென்றால் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர். வழியில் நின்றுபோய் வேறு வழியே இல்லாதபோது கேன் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. வீடு வந்ததும் முழுதாக வடித்து மாற்றிவிட வேண்டும். பழைய கூலன்டைச் சாக்கடையோரம் சட்டியில் வைத்துவிடாதீர்கள். இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

வழியில் கொதித்து நின்றால் மூடியைத் தொடாமல் இருப்பதுதான் பெரிய வேலை. அரை மணி நேரமாவது போகட்டும். துணியை வைத்து மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. முகத்தில் வெந்நீர் அடித்துத் தோல் உரிந்த டிரைவர்கள் எல்லா ஸ்டாண்டிலும் ஒருவராவது இருக்கிறார்கள். காய்ந்து கிடக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் ‘குளிர்விப்பதும்’ வேண்டாம். ஹெட் விரிசல் விடும்.

கேஸ்கட்டுக்கு வருகிறேன் என்றேன். ஒரு தடவை நன்றாகக் கொதித்த வண்டியில் இவற்றைக் கவனிக்க வேண்டும். எங்கேயும் ஒழுகாமல் கூலன்ட் குறைகிறதா? காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிடமே மேல் ஹோஸ் கல்லாகிறதா? ஆயில் மூடியின் உட்புறம் பால் ஆடை போல் படிகிறதா, சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘பிளாக் டெஸ்ட்’ செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, நீலத் திரவத்தின் வழியாக உள்ளிருக்கும் காற்றை இழுப்பார்கள். எரிந்த புகை கூலன்டுக்குள் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றாமலே தெரிந்துவிடும். நிறம் மாறிவிட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் டோ செய்யுங்கள். வெறும் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட்டால் சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி போகும், ஏனென்றால் வளைந்தது ஹெட். மாட்டும் முன் இரும்பு ஸ்கேலை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பல சிறிய கார்களுக்கு வரம்பு 0.05 மி.மீ.தான். அந்தத் தகடு நுழைந்தால், ஹெட் மட்டமாகச் சீவும் ஃபேஸிங்குக்குப் போகட்டும். அவசரப்படுத்தாதீர்கள், அது ஒரு நாள் வேலை. அப்படியே தெர்மோஸ்டாட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், பக்கத்தில் டீக்கடை இருக்கிறதா என்று பாருங்கள்.